தோப்பியும் வடபுலத்து வாற்கோதுமை மதுவும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. புறநானூற்றில் அது 235ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. இறந்த தலைவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் புலவர், அவன் வென்ற போர்களை முதலில் நினைவுகூரவில்லை. தமக்களித்த நெல்லிக்கனியையும் நினைவுகூரவில்லை. அவன் கள்ளைப் பகிர்ந்த முறையே அவர் நெஞ்சில் முதலில் எழுகிறது. கலத்தில் இருந்தது குறைவாயின் அனைத்தையும் புலவர்க்கே கொடுத்துவிடுவான்; மிகுதியாயின் பாட்டைக் கேட்டவாறே தானும் உடனிருந்து பருகுவான் என்பது அந்நினைவின் சாரம்.

அந்தத் தகடூரே இன்றைய தருமபுரி. திருக்கோவிலூருக்கு அண்மையிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை 'சதியபுதோ' என்னும் அடைமொழியுடன் சுட்டுகிறது. அசோகரின் கல்வெட்டுகள் கூறும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கு அது விடையாயிற்று. ஆகவே அவன் கவிஞர் கற்பனை அல்லன். இம்மண்ணில் வாழ்ந்த மன்னன். அவன் கலத்தில் இருந்த மது எத்தகையது? அதனை ஆக்கிய கலை என்னவாயிற்று? அதே போன்ற கலை வேறொரு நாட்டில் இன்றுவரை பிழைத்திருப்பதற்குக் காரணம் யாது? இவ்வினாக்களை நம் வட்டத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள் என்னும் பொதுச்சொல்

இன்று கள் என்றால் பனை, தென்னை, ஈச்ச மரங்களின் பாளையிலும் தண்டிலும் இருந்து வடிப்பதையே கருதுகிறோம். சங்க இலக்கியத்தில் அச்சொல்லின் பரப்பு அகன்றது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி எனப் பல பெயர்கள் வழங்கின. தேனைக் கொண்டு ஆக்கியதும் உண்டு. அதனை மூங்கிற் குழாயில் பெய்து முதிர வைத்த செய்தியை, செங்கண்மா நகரின் நன்னனைப் பாடும் மலைபடுகடாம் கூறுகிறது. அச்செங்கண்மா நம் அரூருக்கு அப்பால் உள்ள இன்றைய செங்கமே. நிலத்தில் புதைத்துப் பக்குவப்படுத்திய மட்டினைக் கபிலர் பாரியின் நாட்டுச் செல்வமாகக் காட்டுகிறார். யவனர் மரக்கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் மகளிர் வார்த்தனர் என்பது நக்கீரர் தரும் செய்தி.

இவற்றுள் தோப்பி என்பது தனித்துக் கருதத்தக்கது. உரையாசிரியர் அதனை நெல்லால் ஆக்கிய கள் என விளக்குவர். மரத்திலிருந்து வடியும் இனிய நீர் தானே புளித்து மதுவாகும். அதற்கு மனித முயற்சி சிறிதே வேண்டும். தானியம் அவ்வாறன்று. அதன் மாவுப்பொருள் முதலில் இனிப்பாக மாற வேண்டும். பின்னரே அந்த இனிப்பு மதுவாகும். இந்த இரட்டை மாற்றத்தை நிகழ்த்தத் தானியத்தை முளைக்க வைக்கவேண்டும், அல்லது பூஞ்சை படர்ந்த மாவினைச் சேர்க்கவேண்டும். உலகம் இன்று 'பீர்' என்று வழங்கும் குடிவகை இந்த நுட்பத்தில் பிறந்ததே. எனவே பீர் என்பது ஆங்கிலேயர் வழியாகவே நாம் முதன்முதலில் அறிந்த பொருள் என்னும் எண்ணம் பொருந்தாது. நெல்லிலிருந்து அதனை ஆக்கிய குடிகள் தமிழகத்தில் இருந்தனர்.

பெரும்பாணாற்றுப்படை தரும் செய்முறை

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பைப் பேசும் பகுதியில், இச்செய்முறை படிப்படியாகக் கூறப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகின்றனர். அகன்ற வாயுடைய தட்டுப்பிழாவில் இட்டு ஆற வைக்கின்றனர். பின்னர் 'நல்லடை' என்பதனைக் கலக்கின்றனர். இதனை நல்ல முளையை இடித்துச் சேர்ப்பதாக உரை விளக்கும். அதன் தோற்றத்திற்குப் புலவர் காட்டும் உவமை புற்றுக்குள் காணப்படும் குரும்பி. கலவை இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் இருந்து விளைகிறது. இறுதியில் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்குத் தருகின்றனர்.

சமையற்கட்டினை அறிந்த கண்ணுக்கு இப்பகுதி எவ்வளவு துல்லியமானது என்பது விளங்கும். களி ஆறிய பின்னரே முளைமாவைச் சேர்க்கவேண்டும். சூட்டில் சேர்த்தால் முளையின் ஆற்றல் அழிந்துவிடும். புலவர் அந்த வரிசையை மாற்றாமல் கூறுகிறார். புற்றுக் குரும்பி என்ற உவமையும் வெறும் அணியன்று. சிக்கிமிலும் மணிப்பூரிலும் இன்றும் கடைத்தெருவில் விற்கும் மதுமாவு அடைகள், மேலே வெண்பூ பூத்து, நுண்துளைகளுடன் அவ்வாறே காணப்படுகின்றன. பாணனுக்கு வழிகூறும் ஒரு செய்யுளில் ஒரு தொழிலின் நுட்பம் முழுதும் பதிவாகியிருக்கிறது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்திராவிடில், இச்செய்முறை ஏட்டுச்சுவடியோடு மறைந்திருக்கக்கூடும்.

அதே நூல், மறவர் தம் இல்லத்திலேயே ஆக்கிய தோப்பியைப் பருகியதையும் கூறும். விலைக்கு விற்ற நறவும் இருந்தது. வீட்டில் ஆக்கிய தோப்பியும் இருந்தது. கள் விற்ற மகளிரை 'அரியற் பெண்டிர்' என அகநானூறு சுட்டும். இத்தொழிலில் பெண்டிர்க்கு இருந்த இடத்தை இது உணர்த்துகிறது.

வடபுலத்து இல்லங்கள்

இனி வடக்கு நோக்குவோம். ஸ்காண்டிநேவியா எனப் பொதுவாக நாம் வழங்கும் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளும், அவற்றை அடுத்த பின்லாந்தும் தமிழர்க்கு முற்றிலும் அயலானவை அல்ல. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் அச்சு வரலாற்றில் நிலைபெற்றவர். அந்நாடுகளின் உழவர் இல்லங்களில் வாற்கோதுமையை முளைக்க வைத்து மது ஆக்கும் வழக்கம் தொன்மையானது.

நார்வேயின் மேற்குக் கரையில் வழங்கிய குலாதிங் என்னும் பழஞ்சட்டம் இது குறித்து வியப்பான விதியொன்றை வகுத்தது. கிறித்து பிறப்பு விழாவுக்கு ஒவ்வொரு உழவரும் மது ஆக்கவேண்டும். குறைந்தது மூன்று உழவர் ஒன்றுகூடி அதனைப் பருகவேண்டும். நல்விளைவும் அமைதியும் வேண்டி அதனை வாழ்த்தவேண்டும். தவறியவர் தண்டம் கட்டவேண்டும். மூன்றாண்டுகள் தொடர்ந்து தவறியவர் தம் உடைமையை இழக்கவும் நேரும். மது அங்கே தனியொருவரின் நுகர்பொருளாகக் கருதப்படவில்லை. அது ஊர்க்கடமை, ஆண்டில் உரிய நாள் உடையது, உடனிருந்து பருகுவோரை வேண்டுவது. அதியமானின் கலத்தையும் இச்சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் பகிர்வே தலைமையான அறமாக நிற்பதைக் காணலாம்.

பின்லாந்தில் 'சாத்தி' என்னும் மரபு மது இன்றும் ஆக்கப்படுகிறது. மரத்தைக் குடைந்து செய்த தொட்டியின் அடியில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் கிளைகளைப் பரப்பி, அவற்றின் ஊடே முளைத்தானியச் சாற்றை வடிகட்டுவர். அத்தொட்டிக்குக் 'கூர்னா' என்று பெயர். நம் இலக்கியம் நாரால் அரித்த கள்ளைப் பேசுகிறது. நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமையாக்கிய நெய்யரியும் இவ்வகை வடிகட்டியே. அங்கே ஜூனிப்பர்க் கிளை, இங்கே பன்னாடை. தேவை ஒன்றாகவே இருந்தது. கைக்கு எட்டிய செடியே கருவியாயிற்று.

சாத்தியைப் பெரும்பாலும் கொதிக்க வைப்பதில்லை. ஹாப்ஸ் என்னும் கசப்பு மலரும் அதில் சிறிதளவே சேரும், சிலர் சேர்ப்பதே இல்லை. ஆதலால் அது கலங்கலாகவும் கொழுமையாகவும் இருக்கும், நெடுநாள் தாங்காது. சுவைத்தவர் அதில் வாழைப்பழ மணத்தையும், இலவங்கச் சாயலையும், ஜூனிப்பரின் பிசின் மணத்தையும் எடுத்துக் கூறுவர். இம்மணங்களில் முதலிரண்டும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் தருபவை. வாழைப்பழமே விளையாத நாட்டு மதுவில் வாழை மணம் கமழ்வது அந்நுண்ணுயிரின் விளையாட்டு. கறந்த நாளிலேயே பருகவேண்டிய நம் ஈச்சங்கள்ளைப் போலச் சாத்தியும் புத்தம்புதிதாக இருக்கும்போதே சிறக்கும். 2002ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அதன் மரபுச் செய்முறைக்குப் பெயர்க்காப்பு வழங்கியது.

பின்லாந்தின் காப்பியமான கலேவலாவில் மதுவின் பிறப்பு ஒரு முழுக்கதையாகவே சொல்லப்படுகிறது. எலியாஸ் லொன்ரோத் வாய்மொழிப் பாடல்களிலிருந்து தொகுத்து 1849இல் விரிவாக வெளியிட்ட பதிப்பின் இருபதாம் பாடல் அது. மது ஆக்குபவள் ஓஸ்மோதார் என்னும் பெண். வாற்கோதுமையும் நீரும் சேர்ந்தும் மது நொதிக்கவில்லை. அணில் கொணர்ந்த மரக்காய் பயன்படவில்லை. கரடியின் வாயிலிருந்து மரநாய் கொணர்ந்த நுரையும் பயன்படவில்லை. தேனீ கொணர்ந்த தேனே நொதிக்கச் செய்கிறது. நொதிக்க வைப்பது எது என்ற வினாவுக்கு அறிவியல் விடை தருமுன் கவிதை தேடிய விடை இது.

உறைமோர் போல ஒரு பொருள்

நார்வே உழவர் அவ்விடையைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தனர். 'குவைக்' என அவர்கள் வழங்கிய ஈஸ்ட், ஒரு முறை மது ஆக்கியபின் எடுத்து உலர்த்தப்பட்டு அடுத்த முறைக்குச் சேமிக்கப்பட்டது. மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையங்களில் அதனைத் தோய்த்து உலர்த்தித் தொங்கவிடுவர். ஒரு வீட்டின் குவைக் கெட்டுவிட்டால் அண்டை வீட்டில் கேட்டுப் பெறுவர். இதனைப் படிக்கும் நம் வீட்டுப் பெண்டிர்க்கு நினைவு வருவது உறைமோரே. தயிருக்கு உறை இல்லாத நாளில் அடுத்த வீட்டுக்குக் கிண்ணத்தோடு செல்லும் வழக்கம் நமக்கு அயலன்று. உயிருள்ள பொருளைக் கடனாகக் கொடுப்பவருக்குக் குறைவு ஏதும் நேர்வதில்லை.

1950களில் நார்வேயின் நாட்டுப்புறவியலார் ஊர் ஊராகக் கேள்விப் பட்டியல் அனுப்பி, மது ஆக்கும் முறை, கருவிகள், சொற்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றைத் தொகுத்தனர். அவற்றை அடிப்படையாகக் கொண்டு ஆட் நூர்ட்லாந்து 1969இல் நூல் வெளியிட்டார். நீண்ட காலம் அந்நூலைத் தேடியோர் சிலரே. பின்னர் லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்னும் கணிப்பொறித் துறையினர் ஊர்களுக்கே சென்று, எஞ்சியிருந்த உழவர் மதுவை ஆராய்ந்து எழுதினார். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு, குவைக் வகைகள் ஆலை ஈஸ்டுகளினின்று வேறுபட்ட தனிக்குழு என்று காட்டியது. 30 முதல் 40 பாகை செல்சியசு வெப்பத்திலும் அவை செம்மையாக நொதிக்கும். சில வகைகள் ஆரஞ்சுத் தோலின் மணத்தைத் தரும். பனி நாட்டு உழவர் காத்த பொருளொன்று நம் கோடை வெயிலுக்கும் ஏற்றதாயிருப்பது வியப்பே.

இறந்தோர்க்குப் படைத்த கலம்

1921இல் டென்மார்க்கின் எக்வெத் என்னும் ஊரில் புதைகுழி ஒன்று திறக்கப்பட்டது. மரத்தைக் குடைந்து செய்த பேழையில் ஓர் இளம்பெண் கிடத்தப்பட்டிருந்தாள். பேழை மரத்தின் வளையங்களைக் கொண்டு அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1370 எனக் கணித்துள்ளனர். அவள் காலடியில் மரப்பட்டையால் செய்த சிறு வாளி இருந்தது. கோதுமை, தேன், காட்டுக் கனி, மணச்செடி ஆகியவற்றால் ஆக்கிய மதுவின் எச்சம் அதில் காணப்பட்டது. இறந்த பெண்ணின் வழிப்பயணத்துக்கு யாரோ அதனை வைத்திருக்கின்றனர்.

இச்செய்தியைப் படிக்கும்போது புறநானூற்றின் 232ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஔவையார் அதியமானைப் பாடியதே. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் உகுக்கின்றனர். மலைநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு படையலை ஏற்பானோ என்று புலவர் கலங்குகிறார். கவிதையின் துயரம் முழுதும் அச்சிறு கலத்தில் அடங்கியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது குறைந்த கள்ளைப் பிறர்க்குக் கொடுத்தவனுக்கு, இறந்தபின் குறைந்த கள்ளே படைக்கப்படுகிறது. 235ஆம் பாடலையும் 232ஆம் பாடலையும் சேர்த்துப் படிப்போர் மட்டுமே இந்த முரணின் கூர்மையை உணர இயலும்.

நடுகற்கள் மிகுந்தது நம் மாவட்டம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தது. அவற்றுள் சிலவற்றில் வீரனின் காலருகே கெண்டி போன்ற கலம் செதுக்கப்பட்டுள்ளது. அது கள்ளுக்கலம் என ஆய்வாளர் கருதுவர். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் கற்களின் முன் நின்று பார்க்கும் அன்பர்கள், வில்லையும் வாளையும் மட்டுமன்றி அக்கலத்தையும் கருதிப் பார்க்கவேண்டும்.

ஆய்வுக்கூடமும் ஆலையும்

வடபுலத்து மது வரலாறு உழவர் இல்லத்தோடு நின்றுவிடவில்லை. 1847இல் யாக்கப்சன் என்பவர் கோபன்ஹேகன் அருகே நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875இல் தனக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. 1883இல் அங்கு எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்டின் ஒற்றை உயிரணுவைப் பிரித்தெடுத்துத் தூய வகையாக வளர்த்தார். அதனை மறைத்து வைக்காமல் பிற ஆலைகளுக்கும் யாக்கப்சன் வழங்கினார். தானியத்தின் புரத அளவை அறியும் முறையை அதே ஆண்டில் யோகன் கெல்டால் அவ்வாய்வுக்கூடத்திலேயே கண்டார். காடி, காரத் தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலைச் சோரன்சன் 1909இல் வகுத்தார். இன்று நம் உழவர் கையில் உள்ள மண்வள அட்டையில் காணும் பிஎச் எண், ஒரு மது ஆலையின் ஆய்வறையில் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

தூய ஈஸ்ட் மதுவைக் கெடாமல் காத்தது. அதே வேளையில் உலகெங்கும் ஒரே சுவையைப் பரப்பவும் வழி செய்தது. அதற்கு மாற்றாகவே அண்மைக் காலத்தில் சிற்றாலைகள் எழுந்தன. 2002இல் நார்வேயின் கிரிம்ஸ்தாத் பகுதியில் தொடங்கிய சிற்றாலை ஒன்று 'நொக்னெ ஒ' எனப் பெயர் சூட்டிக்கொண்டது. 'மொட்டைத் தீவு' என்பது அதன் பொருள். 1862இல் வெளிவந்த இப்சனின் 'தெர்யே வீகன்' என்னும் நெடுங்கவிதையின் தொடக்கத்தில் வரும் தொடர் அது. இப்சன் இளமையில் மருந்துக்கடைப் பயிற்சியாளராகக் காலம் கழித்த ஊர் கிரிம்ஸ்தாத். கவிதையின் சொல் ஒன்று குடுவையின் மேல் ஒட்டப்பெற்று ஊர் ஊராகச் செல்வதைக் கவிஞர்களாகிய நம் அன்பர்கள் கவனிக்கவேண்டும்.

இரு மண்ணின் மதுவிலக்கு

மதுவின் கேட்டை வடபுலத்தார் அறியாதவர் அல்லர். காய்ச்சி வடித்த கடுமதுவால் அந்நாடுகளின் குடும்பங்கள் பெரிதும் சீரழிந்தன. பின்லாந்து 1919 முதல் 1932 வரை முழு மதுவிலக்கை நடத்தியது. சுவீடனில் 1922இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மிகச் சிறு வேறுபாட்டில் மதுவிலக்கு தோற்றது. வாக்களித்த பெண்களில் பெரும்பான்மையோர் விலக்கையே விரும்பினர். அங்கு 1955 வரை கடுமது பங்கீட்டு ஏட்டின் வழியே வழங்கப்பட்டது. மணமான பெண்ணுக்கு அவ்வேடு இல்லை. இன்றும் சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகியவற்றில் கடுமது விற்பனை அரசின் கையிலேயே உள்ளது.

நம் நாட்டில் மதுவிலக்கு முதன்முதலில் சட்டமாக நடைமுறைக்கு வந்தது இம்மண்ணில்தான். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை அதனைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் அனைத்தும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தருமபுரி 1965இல் தனி மாவட்டமாயிற்று. கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூரை அடுத்ததே. திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 1929இல் அவர் தொடங்கிய 'விமோசனம்' இதழில் கல்கி துணைநின்றார். அதற்கும் முன்னர், 1921இல் பெரியார் சேலம் தாதம்பட்டியில் தமக்குரிய 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார். கள் வருவாய் போனதை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி பிறந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுதும் விலக்கு பரவியது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. 1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றது.

இவ்வரலாற்றின் விளைவு யாது? குறைந்த வெறியுடைய கள் சட்டத்துக்குப் புறம்பாயிற்று, 42.8 விழுக்காடு சாராயச் செறிவுடைய கடுமது கடையில் கிடைக்கலாயிற்று. மரம் ஏறிய குடும்பங்கள் பிழைப்பை இழந்தன; அவர்கள் வீட்டுப் பெண்டிரின் துயரோ குறையவில்லை. கள்ளச்சாராயம் என்ற சொல்லில் உள்ள 'கள்ள' என்பதைக் கள்ளோடு இணைத்துப் பொருள் கொள்வோர் உண்டு. அது கள்ளத்தனத்தைக் குறிப்பதேயன்றி மரத்துக் கள்ளைக் குறிப்பதன்று. அரூர் வட்டத்துச் சித்தேரி மலைக்கு அப்பால், கல்வராயன் மலைச்சாரலை அடுத்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதில் கள்ளும் இல்லை, தோப்பியும் இல்லை, தொழில் நுட்பமும் இல்லை. நஞ்சு மட்டுமே இருந்தது.

வகுப்பறையில் எழுந்த வினா

அதியமான் பாடலைக் கற்பிக்கும் ஒவ்வோராண்டும் மாணவியர் நடுவே சிறு சிரிப்பு எழும். "ஔவையாரும் குடித்தாரா அம்மா?" என்று யாரேனும் கேட்பர். ஓராண்டு அச்சிரிப்பில் சேராமல் ஒரு மாணவி குனிந்தே அமர்ந்திருந்தாள். வகுப்பு முடிந்தபின் அவள் என்னிடம் வந்து, "கள் குடித்தவரை இவ்வளவு உயர்வாகச் சொல்லலாமா அம்மா? எங்கள் வீட்டில் குடிப்பவரை யாரும் பாடமாட்டார்கள்" என்றாள். அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு அப்பாடலைக் கற்பிக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

அவளுக்கு நான் சொன்ன விடையை இங்கும் பதிவு செய்கிறேன். ஔவையார் புகழ்ந்தது குடியை அன்று, கொடையின் அளவை. குறைந்தபோது பிறர்க்கும், நிறைந்தபோது எல்லார்க்கும் என்னும் ஒழுங்கையே அவர் போற்றினார். வீட்டுச் சோற்றுக்குரிய பணத்தைத் தனியே குடித்துத் தீர்ப்பவன் அதியமானின் வழித்தோன்றல் ஆகான். அவன் அப்பாடலுக்கு நேர் எதிரானவன். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கடிந்துரைப்பது அவனையே. சங்கப் பாடலும் குறளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், குடும்பத்தின் முகத்தையும் உடனிருப்போரின் முகத்தையும் மறந்த குடியை இரண்டுமே ஏற்கவில்லை. மாணவி அவ்விடையை ஏற்றாளா என்பதை அவள் முகம் காட்டவில்லை. ஆயினும் அடுத்த வகுப்பில் 232ஆம் பாடலை உரக்கப் படித்தவள் அவளே.

எஞ்சியிருப்பதும் செய்யத்தக்கதும்

தோப்பியை மீண்டும் ஆக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. ஒரு கலை மறையும்போது அதனோடு மறையும் அறிவையும் சொல்லையும் பற்றியே என் கவலை. அவ்வறிவின் ஒரு பாதி நம் வீடுகளில் இன்னும் உள்ளது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்க வைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம். கடையில் அதற்கு 'ராகி மால்ட்' என்று பெயர். வடபுலத்தார் வாற்கோதுமைக்குச் செய்யும் முதற்பாதிச் செயலும் இதுவே. அவர்கள் சொல்லும் 'மால்ட்' என்பதும் இதுவே. உகாண்டாவின் தேசோ மக்கள் இதே கேழ்வரகிலிருந்து 'அஜோன்' என்னும் மதுவை ஆக்கி, ஒரே பானையைச் சுற்றி அமர்ந்து நீண்ட குழல்களால் பருகுகின்றனர். நம் பெண்டிர் முளையோடு நிறுத்திக்கொண்டு அதனைக் குழந்தையின் உணவாக்கினர். புளித்த கூழ் நொதித்தலின் மற்றொரு எச்சம். பெரும்பாணாற்றுப்படை பாடிய நுட்பம் இவ்வாறு வெறியை விடுத்து உணவில் வாழ்கிறது எனலாம்.

ஆனால் சொற்கள் அவ்வளவு வலிமையுடையன அல்ல. பிழா, சாடி, அரியல், தோப்பி என்பன அகராதியில் ஒடுங்கிவிட்டன. பாளை அரிவாள், தளைநார், முருக்குத்தடி, கலயம் என மரமேறிகள் வழங்கிய சொற்களும் அவர்தம் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஈச்ச மரத்தைச் சீவிய முறையை நம் மாவட்டத்தில் கண்ணால் கண்டவர் அறுபது வயதைக் கடந்தவராகவே இருப்பர். நார்வேயின் அறிஞர் 1950களில் செய்தது பெருஞ்செலவு வேண்டிய பணியன்று. ஒரு கேள்விப் பட்டியலும் பொறுமையுமே அதற்கு முதலாயின. அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பதிவு புத்துயிர் பெற்றது.

பத்தாண்டுகள் கவிதை படித்தும் கவிதை எழுதியும் வந்த நம் வட்டம் அத்தகைய பட்டியல் ஒன்றை ஆக்கலாம். பாலக்கோட்டிலும், பென்னாகரத்திலும், அரூரிலும், பாப்பிரெட்டிப்பட்டியிலும் உறுப்பினர்கள் உள்ளனர். ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு முதியவரையேனும் ஒரு மூதாட்டியையேனும் சந்தித்து, கருவியின் பெயர், கலத்தின் பெயர், புளிப்பின் படிநிலைகளுக்கு வழங்கிய பெயர், படையலின் முறை, விலக்கு வந்த நாளில் அவர்தம் குடும்பம் பட்ட பாடு ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதலாம். குடியால் கெட்ட வீட்டின் மூதாட்டி சொல்வதையும் அதே ஏட்டில், அதே மதிப்போடு எழுதவேண்டும். அவளை விடுத்து எழுதும் கள் வரலாறு பாதி வரலாறே. அடுத்த மலர் வெளிவரும்போது இதன் முதற்பகுதியேனும் அதில் இடம்பெறுமாயின், அதியமானின் மண்ணில் வாழ்ந்ததற்கு நாம் செலுத்தும் சிறு கலப் படையலாக அது அமையும்.